வால்வின் வாயைக் கட்டாதீர்கள்!

அடுப்பில் சோற்றுப் பானை கொதிக்கிறது. மேலே மூடியிருக்கும் தட்டு "தட தட" என்று ஆடுகிறது. ஓரத்தில் ஆவி பீறிட்டு வருகிறது. கஞ்சி வழிகிறது.

வீட்டுக்காரி என்ன செய்கிறாள்? தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறாள். ஆவி வெளியே போகிறது. ஆட்டம் அடங்கி விடுகிறது.

அந்தத் தட்டின் மேல் அவள் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பாளா? வைக்க மாட்டாள்.

ஆனால், எந்திரம் ஓட்டத் தெரிந்தவர்களும், பெரிய ஆலை நடத்தியவர்களும் அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல. பல தடவை! அதனால் வெடித்த பாய்லர்கள் பல. போன உயிர்கள் பல.

நீராவியை அடைத்து வைக்கும் பாத்திரம் எதுவானாலும் அதற்கு ஒரு வாய் உண்டு. உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறினால் அந்த வாய் தானாகத் திறக்கும். "புஸ்" என்று கத்தும். மிஞ்சிய ஆவியை வெளியே விட்டு விட்டு, மறுபடியும் மூடிக்கொள்ளும். அதற்கு "சேப்டி வால்வு" என்று பெயர்.

அந்த வாயை யாரும், எக்காரணம் கொண்டும் கட்டக் கூடாது. கட்டுகிறவன் தன் கழுத்துக்கு மட்டும் கயிறு மாட்டவில்லை. பக்கத்தில் நிற்பவன் கழுத்துக்கும் சேர்த்து மாட்டுகிறான்.

ஆவிக்கு இவ்வளவு பலமா?

ஒரு லிட்டர் தண்ணீரை முழுவதும் ஆவியாக்கினால், அந்த ஆவிக்கு 1,600 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காமல் அடைத்து வைத்தால், அது சும்மா இருக்காது. நாலாபுறமும் சுவரைத் தள்ளும்.

வீட்டில் இருக்கும் குக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது விசில் அடிக்கும் நேரத்தில், உள்ளே இருக்கும் ஆவி ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1 கிலோ எடை அழுத்துவது போல அழுத்துகிறது. ஒரு கிலோ தானே என்று நினைக்கலாம். குக்கர் மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால், மூடி முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 300 கிலோவுக்கு மேல் வரும். 100 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றைத் தூக்கி எறியக்கூடிய பலம் அந்தச் சின்னப் பாத்திரத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது!

மின்சார நிலையத்தில் இருக்கும் பெரிய பாய்லர்களில் இந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவையும் தாண்டும். கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தில் இரண்டு ஆட்கள் ஏறி நிற்பதற்குச் சமம் அது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பாய்லரில் ஆவியை விட ஆபத்தானது, அதில் கிடக்கும் தண்ணீர்தான். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரிச் சூட்டில் கொதித்து விடும். அடைத்து வைத்த பாய்லரில், அழுத்தம் 10 கிலோ இருக்கும்போது, சூடு 180 டிகிரியைத் தொட்டாலும் அது தண்ணீராகவே இருக்கும். எங்காவது ஓர் இடத்தில் தகடு கிழிந்தால் போதும். அழுத்தம் திடீர் என்று இறங்கும். கிடந்த தண்ணீரில் ஒரு பகுதி கண் மூடித் திறப்பதற்குள் ஆவியாகப் பொங்கும். கட்டிடம் பறப்பது அதனால்தான்.

எலும்பை வேகவைத்தவர்

பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்தவர் டெனிஸ் பாப்பின். அவர் லண்டனுக்குப் போய், 1679ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்தில் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். கனமான இரும்புப் பாத்திரம். மூடியைத் திருகி இறுக்கி விட்டால் ஆவி வெளியே போகாது. அதில் வைத்த எலும்பு கூட மெத்தென்று வெந்து விட்டது. 1682ஆம் ஆண்டில் சங்கத்து அறிஞர்களுக்கு அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தும் நடந்தது.

இன்று வீட்டில் இருக்கும் குக்கரின் பாட்டன் அதுதான்.

பாப்பின் கெட்டிக்காரர். பாத்திரத்தை மட்டும் செய்து விட்டுச் சும்மா இருக்கவில்லை. அது வெடித்து விடாமல் இருக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். மூடியில் ஒரு துளை. துளையை அடைக்க ஒரு சிறு மூடி. அதை அழுத்திப் பிடிக்க ஒரு கோல். கோலின் நுனியில் ஓர் எடைக்கல். பழைய நாளில் சந்தையில் நிறுக்கும் தூக்குக்கோல் போலத்தான். ஆவி எடைக்கல்லை விடப் பலமானால் கோல் தூக்கிக்கொள்ளும். ஆவி வெளியேறும்.

உலகத்தின் முதல் சேப்டி வால்வு என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான். ஆவியை அடைத்தவரே அது போக வழியும் வைத்தார். அந்த வழியை அடைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்!

மீன் பிடிக்கப் போன பையன்

1803ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் கிரீனிச் என்ற இடத்தில் தண்ணீர் இறைப்பதற்கு ஒரு நீராவி எந்திரம் வைத்திருந்தார்கள். அதைச் செய்தவர் ரிச்சர்டு டிரெவிதிக். அதிக அழுத்தத்தில் நீராவியை வைத்து வேலை வாங்கலாம் என்று துணிந்து காட்டியவர் அவர். "அது ஆபத்து" என்று புகழ் பெற்ற ஜேம்ஸ் வாட் எதிர்த்துக்கொண்டிருந்த காலம்.

எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனை வைத்திருந்தார்கள். அவன் விலாங்கு மீன் பிடிக்கப் போய் விட்டான். போகும்போது ஒரு கூலியாளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். சேப்டி வால்வின் கோல் எழும்பாதபடி ஒரு ஸ்பேனர் செருகிக் கிடந்தது.

எந்திரம் வழக்கத்தை விட வேகமாக ஓடியது. கூலியாள் பயந்து போய் எந்திரத்தை நிறுத்தினான். ஸ்பேனரை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. அடுப்பு எரிகிறது. ஆவி சேருகிறது. எந்திரம் ஓடினாலாவது ஆவி செலவாகும். அதுவும் நின்று விட்டது. வால்வின் வாயும் கட்டிக் கிடக்கிறது.

பாய்லர் வெடித்தது. 4 பேர் இறந்தார்கள்.

டிரெவிதிக் என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். "இது ஆட்களின் கவனக் குறைவு, என் எந்திரத்தின் குற்றம் அல்ல" என்பதுதான் அவர் கருத்து. ஆனால், அப்படிச் சொல்லி விட்டுக் கையைக் கழுவிக்கொள்ளவில்லை. அதற்குப் பின் ஒரு சேப்டி வால்வுக்குப் பதில் இரண்டு வைத்தார். பாய்லரில் ஈயத்தால் ஓர் அடைப்பும் வைத்தார். தண்ணீர் குறைந்து தகடு காய்ந்தால், முதலில் அந்த ஈயம் உருகி விடும். ஆவி வெளியே பாயும். பாய்லர் பிழைத்துக்கொள்ளும்.

ஆள் தவறு செய்தாலும் எந்திரம் மன்னிக்க வேண்டும். அதுதான் நல்ல எந்திரம். டிரெவிதிக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

சத்தம் பிடிக்கவில்லையாம்!

1831ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் சார்லஸ்டன் நகரம். "சார்லஸ்டனின் உற்ற நண்பன்" என்று பொருள்படும் பெயர் வைத்த ரெயில் என்ஜின் ஒன்று அங்கே ஓடியது. அமெரிக்காவிலேயே செய்யப்பட்டு, முறையாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் என்ஜின் என்ற பெருமை அதற்கு உண்டு.

என்ஜின் நிற்கும்போது சேப்டி வால்வு "புஸ்" என்று ஆவியைக் கக்கியது. அடுப்பில் தீ மூட்டும் ஆளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. வால்வின் கோலை எழும்பாதபடி அழுத்திப் பிடித்து விட்டான்.

சத்தம் நின்றது. சற்று நேரத்தில் பாய்லர் வெடித்தது. காயம்பட்ட அந்த ஆள் பிழைக்கவில்லை. "உற்ற நண்பன்" உருக்குலைந்து போனது.

அதன் பிறகு மக்கள் ரெயிலில் ஏறப் பயந்தார்கள். பயத்தைப் போக்க ரெயில் கம்பெனி ஒரு வேலை செய்தது. என்ஜினுக்கும் பயணிகள் வண்டிக்கும் நடுவில் பஞ்சுப் பொதிகள் ஏற்றிய ஒரு வண்டியைக் கோத்து விட்டது!

பஞ்சு மூட்டை பயத்தைக் குறைக்கும். பாய்லர் வெடிப்பதை நிறுத்தாது. வெடிப்பதை நிறுத்த வேறு ஒருவர் வந்தார். இங்கிலாந்து ரெயில்வே என்ஜினீயர் ஜான் ராம்ஸ்பாட்டம். 1855ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு புது வால்வு செய்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வால்வுகள். இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரே ஒரு வில். ஒரு வால்வை டிரைவர் அழுத்தினால், மற்றொன்று தளர்ந்து திறந்துகொள்ளும். கட்டிப் போட நினைத்தாலும் கட்ட முடியாது!

"கட்டாதே" என்று எழுதி வைப்பதை விட, கட்ட முடியாதபடி செய்வது மேல். ராம்ஸ்பாட்டத்தின் யோசனை அதுதான்.

பணத்துக்கு ஆசை, உயிருக்கு நட்டம்

வால்வைக் கட்டுவது ஒரு வகைக் குற்றம். பழைய பாய்லரை ஒட்டுப் போட்டு ஓட்டுவது இன்னொரு வகைக் குற்றம்.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 27ந் தேதி, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் "சுல்தானா" என்ற நீராவிக் கப்பல் வெடித்தது. அதில் ஏற வேண்டியவர்கள் 376 பேர். ஏறியவர்களோ 2,000 பேருக்கு மேல். சண்டை முடிந்து, சிறையிலிருந்து வீடு திரும்பிய போர் வீரர்கள் அவர்களில் மிகப் பலர். தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கொடுக்கும் கூலிக்கு ஆசைப்பட்டு ஏற்றினார்கள். கப்பலின் பாய்லர் ஒழுகியது. நன்றாகப் பழுது பார்த்தால் நாளாகும். ஆட்கள் வேறு கப்பலுக்குப் போய் விடுவார்கள். ஆகவே, அவசரமாக ஓர் ஒட்டுப் போட்டுக் கிளப்பினார்கள்.

1,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

1905ஆம் ஆண்டு மார்ச் 20ந் தேதி, அதே நாட்டில் பிராக்டன் என்ற ஊரில் செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் காலை வேலை தொடங்கியிருந்தது. நாலு மாடிக் கட்டிடம். புதிய பாய்லரைப் பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருந்தார்கள். பதிலுக்குப் பழைய பாய்லரை மூட்டினார்கள். அதன் தகடுகள் ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தது. பாய்லர் வெடித்துக் கூரையைப் பிளந்துகொண்டு பறந்தது. கட்டிடம் சரிந்தது. தீப் பிடித்தது. 58 பேர் செத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த மாநிலம் 1907ஆம் ஆண்டில் பாய்லருக்குச் சட்டம் போட்டது. 1914ஆம் ஆண்டில் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கம், பாய்லர் எப்படிச் செய்யப்பட வேண்டும், தகடு எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்து விதிகளை ஏற்படுத்தியது.

58 சவப்பெட்டிகளுக்குப் பிறகு வந்த அந்த ஞானம், முன்பே வந்திருக்கக் கூடாதா?

ஐந்து காவலர்கள்

இன்று ஒழுங்காக நடக்கும் ஆலைகளில் பாய்லருக்கு ஐந்து காவலர்கள் உண்டு.

முதல் காவலர், அழுத்தமானி. கடிகாரம் போன்ற முகம். உள்ளே ஒரு வளைந்த குழாய். திருவிழாவில் பிள்ளைகள் வாங்கும் காகித ஊதலை ஊதினால், சுருள் விரிந்து நீளும் அல்லவா? அதே போல, அழுத்தம் ஏறினால் வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும். அது முள்ளைத் தள்ளும். 1849ஆம் ஆண்டில் இதைச் செய்தவர் பூர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர். இன்றும் அதே தத்துவம்தான்.

இரண்டாவது, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அது காட்டும்.

மூன்றாவது, சேப்டி வால்வு.

நான்காவது, உருகும் அடைப்பு. டிரெவிதிக் வைத்த ஈயத்தின் வாரிசு.

ஐந்தாவது, தண்ணீர்ச் சோதனை. பாய்லரையோ, வேறு அழுத்தக் கலனையோ தண்ணீரால் நிரப்பி, உயர் அழுத்தப் பம்பு வைத்து, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்க்கிறார்கள். ஏன் தண்ணீர்? காற்றை அடைத்துச் சோதித்தால், கலன் பலவீனமாக இருந்தால் குண்டு போல் வெடிக்கும். தண்ணீர் சுருங்காது, ஆகவே விரியவும் செய்யாது. விரிசல் இருந்தால் பீச்சி அடித்து விட்டு நின்று விடும். உண்மை தெரிந்து விடும், உயிர் போகாது.

இந்த ஐந்தில் ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருப்பார். ஆனால், ஐவரையும் தூங்க வைக்கக் கூடியவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் மனிதன்.

நம் நாட்டில்

1863ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே பாய்லர்களைச் சோதிக்க வங்காளத்தில் சட்டம் வந்தது. பிறகு நாடு முழுவதற்கும் பொதுவாக 1923ஆம் ஆண்டில் இந்திய பாய்லர் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2025ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்திருக்கிறது.

சேப்டி வால்வு வேலை செய்யாதபடி செய்வது, சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் திட்டமாகக் கூறியது. பாய்லரில் விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது. உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் பெரிய குற்றங்களுக்குப் புதிய சட்டத்திலும் சிறைத் தண்டனை உண்டு.

சட்டம் இருந்தும் விபத்து ஒழியவில்லை. 2020ஆம் ஆண்டில் நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் மே மாதம் ஒரு பாய்லர் விபத்து நடந்தது. இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ஜூலை 1ந் தேதி மறுபடியும் ஒரு விபத்து. அன்றைக்கே 6 தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். காயம்பட்டவர்களில் வேறு சிலரும் பின்னர் இறந்தார்கள்.

வேலைக்குப் போன அப்பா மாலையில் திரும்பி வருவார் என்று காத்திருந்த வீடுகள் அவை.

யார் குற்றம்?

விபத்து நடந்தவுடன், "தொழிலாளியின் கவனக் குறைவு" என்று சொல்வது எளிது. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான்.

கிரீனிச் கூலியாளை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு எந்திரம் தெரியாது. தெரியாதவன் கையில் எந்திரத்தை விட்டது யார் குற்றம்? வால்வின் கோலில் ஸ்பேனர் செருகிக் கிடந்ததே, அதைச் செருகி வைத்தவர்கள் குற்றம் இல்லையா?

"வால்வு அடிக்கடி திறந்தால் ஆவி வீணாகிறதே, விறகும் கரியும் பணம் இல்லையா?" என்று முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அதற்கு வழி வால்வை இறுக்குவது அல்ல. தீயைக் குறைப்பது. அல்லது, ஏன் திறக்கிறது என்று காரணம் தேடுவது. குழந்தை அழுதால் பசியா, காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். வாயைப் பொத்தக் கூடாது.

"இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே!" என்று சொல்பவர்களும் உண்டு. பிராக்டன் ஊர்ப் பழைய பாய்லரும் அன்று காலை வரை வெடிக்காமல்தான் இருந்தது.

ஆகவே, செய்ய வேண்டியது மூன்று. தேர்ச்சி பெற்று, சான்றிதழ் வாங்கிய ஆளைத்தான் பாய்லரில் நிறுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் எந்திரத்தை நிறுத்தும் அதிகாரத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டும். நிறுத்தியதற்காக அவனை ஏசக் கூடாது. கூலியைப் பிடிக்கக் கூடாது. ஒரு மணி நேரம் நின்றால் வருவது நட்டம். வெடித்தால் வருவது நாசம்.

வீட்டில் யார் இன்ஸ்பெக்டர்?

ஆலைப் பாய்லருக்கு அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவார். சமையல் அறைக்கு யார் வருவார்? வீட்டுக் குக்கர் பாய்லர் சட்டத்தில் வராது. அங்கே சமைக்கிறவர்தான் இன்ஸ்பெக்டர். அது அம்மாவாக இருந்தாலும் சரி, அப்பாவாக இருந்தாலும் சரி.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 1ந் தேதி முதல், வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

மூடியில் வெயிட் போடும் குழாயை, ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துளை வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். பருப்புத் தோலோ, சோற்றுப் பருக்கையோ அடைத்திருந்தால் எடுத்து விடுங்கள்.

மூடியில் சின்னத் திருகு போல ஒன்று இருக்கும். அதுதான் சேப்டி வால்வு. அதன் நடுவில் சீக்கிரம் உருகும் உலோகம் இருக்கிறது. வெயிட் அடைத்துக்கொண்டாலும், தண்ணீர் வற்றிப் போனாலும் அது வழி விட்டுக் காப்பாற்றும். அது போய் விட்டால், அந்தக் குக்கருக்கு உரிய புதிய வால்வையே வாங்கிப் போடுங்கள். காசு மிச்சம் பிடிக்க ஆணியும், சாதாரணத் திருகும் வைத்து அடைக்காதீர்கள்.

குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரைத்துப் பொங்கும் பருப்பு என்றால் பாதி போதும். ஆவி முழுவதும் அடங்குவதற்கு முன் மூடியைப் பலவந்தமாகத் திறக்காதீர்கள். உள்ளே மூன்று மூட்டை பலம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கியாஸ் சிலிண்டரும் அழுத்தக் கலன்தான். அதன் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். "ஏ" என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. "பி" என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. "சி" என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை. "டி" என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். அந்தச் சிலிண்டரை மறுபடியும் சோதிக்க வேண்டிய காலம் அது. காலம் கடந்த சிலிண்டர் வந்தால், "மாற்றிக் கொடு" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால், அதுவே படித்துச் சொல்லி விடும்.

பாத்திரம் சிறியதோ, பெரியதோ, விதி ஒன்றுதான். ஆவியோ, வாயுவோ, உள்ளே அடைப்பவன் அது வெளியேறும் வழியையும் காக்க வேண்டும். வால்வு போடும் சத்தம் தொல்லை அல்ல. "நான் விழித்திருக்கிறேன்" என்று காவல்காரன் கொடுக்கும் குரல் அது. அந்தக் குரல் கேட்டால் தீயைக் குறையுங்கள். குரல்வளையை நெரிக்காதீர்கள்!